கல்மரம், கிளிஞ்சல், கருங்கல்: புவிச்சுற்றுலாவுக்குப் புதிதாகக் கிளம்புவோருக்கு ஒரு வழிகாட்டி

பெரம்பலூர், அரியலூர் பக்கம் போனால் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் வயல்களைப் பார்க்கலாம், சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகளைப் பார்க்கலாம். கடல் கண்ணில் படாது. ஆனால் அந்த மண்ணுக்குள் கடல் கிளிஞ்சல் இருக்கிறது, சுறாப் பல் இருக்கிறது, கடலோடு அடித்து வரப்பட்டுக் கல்லாகிப்போன மரம் இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் வந்து நின்றது. ஒரு நிலம் தன்னைப் பற்றி வைத்திருக்கும் இத்தகைய சான்றுகளைத் தேடிப் போய்ப் பார்த்து, புரிந்துகொண்டு, அவற்றை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வருவதுதான் புவிச்சுற்றுலா.

இந்த எண்ணம் உலக அளவில் வலுப்பெற்று நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை. 1991-இல் பிரான்சின் தீன் நகரில் கூடிய நிலவியலாளர்கள், பூமியின் நினைவுக்கும் உரிமை உண்டு, அதைக் காக்க வேண்டும் என்று ஒரு பிரகடனம் செய்தார்கள். நிலவியல் சிறப்புள்ள நிலப்பகுதிகளுக்குத் தரும் ‘உலக ஜியோபார்க்’ என்ற தகுதியை 2015-இல் யுனெஸ்கோ தன் அதிகாரப்பூர்வத் திட்டமாக்கியது. மலேசியாவின் லங்காவி 2007-லேயே ஜியோபார்க் வலையமைப்பில் சேர்ந்துவிட்டது. தென்கிழக்கு ஆசியாவில் அதுதான் முதல். இந்தியாவில் 2025 வரை ஒன்றுகூட இல்லை. நம்மிடம் தகுதியான இடம் இல்லாததால் வந்த நிலை இல்லை இது. நம் ஊர்க் கல்லை நாம் இன்னும் மரபாகப் பார்க்கப் பழகவில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்தப் பழக்கத்தை எப்படித் தொடங்குவது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கிருந்து தொடங்குவது

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1851-இல் தொடங்கப்பட்டது. நாடு முழுவதும் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களை அது தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்களாக அறிவித்திருக்கிறது. தமிழ்நாட்டில் நான்கு: விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையின் கல்மரங்கள், பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரின் கல்மரம், அதே மாவட்டத்தில் காரை கிராமத்தின் அரிப்பு நிலம், சென்னை பரங்கிமலையின் சார்னோகைட் என்ற கருங்கல் பாறை.

புதியவர்கள் இந்த நான்கிலிருந்தே தொடங்குவது நல்லது. இவை சும்மா அழகுக்காகப் பட்டியலில் வரவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு கேள்விக்கு நேரடியான விடை வெளியே தெரிகிறது. மரம் எப்படிக் கல்லாகும்? கடல் எப்படி உள்நாட்டுக்கு வந்தது? நாம் கருங்கல் என்று சொல்வது எங்கே பிறந்தது?

வரிசையும் முக்கியம். முதலில் திருவக்கரைக்குப் போங்கள். வேலி, பாதை, பலகை எல்லாம் உண்டு. பார்க்க வேண்டியது கண்ணுக்கு முன்னாலேயே பெரிது பெரிதாகக் கிடக்கும். அடுத்து சாத்தனூர், காரை, அரியலூர் மூன்றையும் ஒரே பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். காரையில் பலகையைவிட உங்கள் கண்தான் வேலை செய்ய வேண்டும். அதனால்தான் அதை இரண்டாவதாகச் சொல்கிறேன். சென்னைக்காரர்களுக்குப் பரங்கிமலை எந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் முடிகிற காரியம்.

கிளம்பும் முன் வீட்டில் செய்ய வேண்டியது

முதலில் காலத்தை மனசில் பதித்துக்கொள்ளுங்கள். நாலே நாலு எண் போதும். பரங்கிமலைப் பாறைக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. காரை, சாத்தனூர், அரியலூர் அடுக்குகள் கிரிட்டேசியஸ் என்ற காலத்தைச் சேர்ந்தவை. அந்தக் காலம் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. திருவக்கரை மரங்களுக்குச் சுமார் 2 கோடி ஆண்டு. மனித இனத்துக்குச் சுமார் 3 லட்சம் ஆண்டு. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டால், திருவக்கரையை “ரொம்பப் பழசு” என்று சொல்லிவிட்டு நகர மாட்டீர்கள். பரங்கிமலைக்குப் பக்கத்தில் அது நேற்றைய சமாச்சாரம்.

அடுத்து வரைபடம். புவியியல் ஆய்வுத் துறையின் ‘பூகோஷ்’ இணையவாசலில் நிலவியல் வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு நிறமும் ஒரு பாறை வகை, அல்லது ஒரு கால அடுக்கு. உங்கள் சொந்த ஊரை அதில் தேடிப் பாருங்கள். தமிழ்நாட்டின் பெரும்பகுதி மிகப் பழைய கெட்டிப் பாறை என்பதும், கடலோரத்தை ஒட்டி மட்டும் இளைய படிவுப் பாறைகள் ஒரு பட்டையாக ஓடுவதும் ஒரே பார்வையில் தெரியும். புதைபடிவம் ஏன் அரியலூரில் கிடைக்கிறது, சேலத்தில் ஏன் கிடைப்பதில்லை என்பதற்கு விடை அந்த நிறங்களிலேயே இருக்கிறது.

பாறை வகைகளில் ஆழமாகப் படிக்க வேண்டியதில்லை. பூமிக்குள் உருகிய பாறைக் குழம்பு ஆறி உறைந்தது ஒன்று, மணலும் சேறும் கிளிஞ்சல் ஓடுகளும் படிந்து இறுகியது ஒன்று, ஏற்கெனவே இருந்த பாறை வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது ஒன்று. இது தெரிந்தால் தொடங்கிவிடலாம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

பத்து மடங்கு பெரிதாக்கும் சின்னக் கைலென்ஸ் ஒன்று அவசியம். நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பார்களே, அது போதும். நோட்டுப் புத்தகம், பென்சில், சின்ன காந்தம், ஒரு ரூபாய் நாணயம், ஒரு ஸ்கேல். கல்லைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் நாணயத்தையோ ஸ்கேலையோ வைத்தே எடுக்க வேண்டும். அது இல்லாத படத்தில் கிளிஞ்சல் விரல் நுனி அளவா, தட்டு அளவா என்று பிறகு யாருக்கும் தெரியாது. கைப்பேசியில் இருப்பிடப் பதிவை இயக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தொப்பி, முழுக்கைச் சட்டை, கணுக்காலை மூடும் ஷூ, ஆளுக்குக் குறைந்தது மூன்று லிட்டர் தண்ணீர். காரையில் நிழல் என்பதே கிடையாது.

சுத்தியல் வேண்டாம். நிலவியல் மாணவர்கள் கையில் சுத்தியல் இருக்கும், பார்த்ததும் நமக்கும் ஆசை வரும். அவர்கள் ஆய்வுக்காக, அனுமதியோடு, எங்கே உடைக்கலாம் என்று தெரிந்து உடைக்கிறார்கள். நமக்கு வேண்டிய உடைந்த முகம் சாலை வெட்டிலும் ஓடைக் கரையிலும் ஏற்கெனவே தயாராக இருக்கிறது.

பருவத்தைப் பொறுத்தவரை டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரல், மே, ஜூன் மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். மழை பெய்த மறுநாள் காரையின் களிமண் காலைப் பிடித்துக்கொள்ளும்; ஆனால் மழை ஓய்ந்து சில வாரம் கழித்துப் போனால் நீர் புதிதாக அரித்து வெளியே காட்டியதைப் பார்க்கலாம்.

முதல் பயணம்: திருவக்கரை

திண்டிவனத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் போகலாம். ஊரில் சந்திரமௌலீசுவரர் கோயிலும், அதோடு சேர்ந்த வக்கிரகாளியம்மன் சன்னதியும் இருக்கின்றன. சம்பந்தர் பாடிய தலம். பௌர்ணமி அன்று கூட்டம் மிக அதிகமாக இருக்கும். கல்மரத்தை நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் அந்த நாளைத் தவிர்த்து வேறு நாளில், காலையிலேயே போய்விடுங்கள். பூங்கா திறக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கல்மரங்களை 1781-லேயே சோனரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் பதிவு செய்திருக்கிறார். பூங்காவின் பரப்பு சுமார் 247 ஏக்கர். மொத்தம் 200 மரங்கள் வரை கிடக்கின்றன.

உள்ளே போனதும் எல்லோரும் முதல் மரத்தின் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். நீங்கள் கொஞ்சம் தள்ளி நின்று முழு இடத்தையும் பாருங்கள். மரங்கள் எல்லாம் படுத்துக் கிடக்கின்றன. ஒன்றுகூட நிற்கவில்லை. அப்புறம் கிட்டே போய், வேர் இருக்கிறதா, கிளை இருக்கிறதா, இலைப் பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்காது. வெறும் அடிமரங்கள்தான். இங்கேயே வளர்ந்து இங்கேயே விழுந்திருந்தால் வேரும் கிளையும் கூடவே இருக்க வேண்டுமே? இவை வேறெங்கோ வளர்ந்து, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, வரும் வழியில் கிளையும் பட்டையும் தேய்ந்து இங்கே ஒதுங்கியவை என்று நிலவியலாளர்கள் முடிவுக்கு வந்தது இந்த மாதிரிச் சான்றுகளால்தான். பலகையில் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன் நீங்களே இதைக் கண்டுபிடித்துவிட்டால், அந்த ஒரு நிமிடத்துக்காகவே மறுபடியும் இப்படிக் கிளம்புவீர்கள்.

இப்போது லென்ஸை எடுங்கள். மரத்தின் இழை ஓட்டம், கணு, சில இடங்களில் வெட்டுமுகத்தில் வளையம் எல்லாம் அப்படியே தெரியும். விரலால் தட்டினால் கல். மணலுக்குள் ஆழமாகப் புதைந்ததால் மரத்துக்குக் காற்று படவில்லை, மட்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மெல்ல மெல்ல மரத்தின் செல்களுக்குள் புகுந்து நிறைந்தது. மரப்பொருள் போனது, அதன் வடிவம் சிலிக்காவில் நின்றுவிட்டது. கண்ணாடிக்கும் மணலுக்கும் அடிப்படையான அதே பொருள்தான். ஆகவேதான் இவ்வளவு கடினம்.

மரங்கள் கிடக்கும் மண்ணையும் பாருங்கள். செந்நிறமாக, மணலும் பருக்கைக் கற்களுமாக இருக்கும். இதற்குக் கடலூர் மணற்கல் என்று பெயர். ஆரோவில் பக்கம் செம்மண் ஓடைகள் ஆழமாகப் பிளந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதே அடுக்குதான். திரும்பும் வழியில் அங்கே நின்று ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு அடுக்கு எவ்வளவு தூரம் பரவியிருக்கும் என்பது விளங்கும்.

இரண்டாவது பயணம்: ஊட்டத்தூர், காரை, சாத்தனூர், அரியலூர்

இதற்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒரே நாளில் ஓடினால் அருங்காட்சியகமும் கல்மரமும் நினைவில் நிற்கும், நிலம் நிற்காது. திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் இந்த ஊர்களுக்குப் போகலாம். திருச்சியிலோ பெரம்பலூரிலோ தங்கிக்கொள்ளலாம். சொந்த வண்டியோ வாடகை வண்டியோ இருந்தால் நல்லது. ஊருக்குள் பேருந்து போனாலும் நீங்கள் பார்க்க வேண்டியது ஊரைத் தாண்டி இருக்கும்.

கதை இதுதான். இந்தியாவும் அண்டார்க்டிகாவும் ஆஸ்திரேலியாவும் ஒரே பெருநிலமாக ஒட்டிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அது பிளந்து விலகியபோது நம் கிழக்குக் கரை உருவானது. பிளவில் தாழ்ந்த நிலத்துக்குள் கடல் புகுந்தது. கிரிட்டேசியஸ் காலத்தில் அந்தக் கடல் சில சமயம் உள்ளே வந்தும் சில சமயம் பின்வாங்கியும் இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு அடுக்கு. அந்த அடுக்குகளுக்கு வைத்த பெயர்கள் நம் ஊர்ப் பெயர்கள்: கீழே ஊட்டத்தூர், நடுவில் திருச்சிராப்பள்ளி, மேலே அரியலூர். கிரிட்டேசியஸ் காலத்தைப் பற்றிப் படிக்கிறவர் ஜெர்மனியில் இருந்தாலும் ஜப்பானில் இருந்தாலும் இந்தப் பெயர்களைச் சொல்லியாக வேண்டும். 1840-களில் கேய், கன்லிஃப் என்ற இருவர் இங்கிருந்து புதைபடிவங்களைச் சேகரித்தார்கள். பிறகு பிளான்ஃபோர்டு நிலத்தை வரைபடமாக்கினார். ஸ்டோலிச்கா என்ற நிலவியலாளர் இங்குள்ள உயிரினங்களை ஒவ்வொன்றாக விவரித்துப் பெரிய தொகுதிகளாக எழுதினார். இன்றும் ஆய்வாளர்கள் அவற்றைப் புரட்டுகிறார்கள்.

ஊட்டத்தூரில் சுத்தரத்தினேஸ்வரர் கோயில் இருக்கிறது, பார்த்துவிட்டுக் கிளம்பலாம். அங்கிருந்து காரை.

காரையில் முதலில் மேட்டில் ஏறி நில்லுங்கள். வெளிறிய பழுப்பும் மஞ்சளும் கலந்த களிமண் மேடுகள், நீர் அறுத்த நூற்றுக்கணக்கான சின்ன ஓடைகள், அவற்றுக்கு நடுவே கூர்மையான முகடுகள். ஒரு புல் இல்லை. மென்மையான களிமண், அடித்துப் பெய்யும் மழை, பிடித்து நிறுத்த மரம் செடி இல்லாத நிலை, இந்த மூன்றும் சேர்ந்தால் நிலம் இப்படி ஆகும். இந்தக் களிமண் ஒரு காலத்தில் கடலின் அடியில் அமைதியாகப் படிந்த சேறு.

கீழே இறங்கும்போது முகடுகளில் நடக்காதீர்கள், ஓடைத் தரையிலேயே நடங்கள். முகடு நம் எடையில் உடையும், உடைந்தது பிறகு வராது. குனிந்து மெதுவாகப் பாருங்கள். சூரியன் சாய்வாக இருக்கும் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை நாலு மணிக்குப் பின்பும்தான் சின்னச் சின்ன வடிவங்களுக்கு நிழல் விழுந்து கண்ணில் படும்.

முதலில் பளபளக்கும் தகடுகள் தெரியும். கண்ணாடித் துண்டு என்று நினைப்பீர்கள். நகத்தால் கீறினால் கோடு விழும். அது ஜிப்சம். களிமண்ணின் வெடிப்புகளில் நீர் விட்டுப்போன உப்பு. கண்ணாடியில் நகக்கீறல் விழாது என்பதால் இந்தச் சோதனை ஒன்றே போதும்.

அடுத்து, ஒரு முனை கூராக, துப்பாக்கித் தோட்டா வடிவில் வழவழப்பான கல் துண்டுகள். இவை பெலம்னைட். கணவாய் மீனின் தூரத்து உறவான ஒரு கடல் உயிர். அதன் உடலுக்குள் இருந்த கெட்டியான பகுதிதான் இது. உடைந்த முனையை லென்ஸில் பாருங்கள், நடுவிலிருந்து நாலா பக்கமும் விரியும் கோடுகள் தெரியும். தோட்டா வடிவமும் இந்தக் கோடுகளும் சேர்ந்தால் பெலம்னைட்தான் என்று நம்பலாம்.

அதிர்ஷ்டம் இருந்தால் அம்மோனைட். சுருண்ட ஓடு, மேலே வரி வரியாக மடிப்பு. பல வைணவ வீடுகளில் பூஜையில் இருக்கும் சாளக்கிராமத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நேபாளத்தின் கண்டகி ஆற்றிலிருந்து வரும் அந்தக் கல்லுக்குள் சக்கரமாகத் தெரிவதும் அம்மோனைட்டின் சுருள்தான். அம்மோனைட் இனம் முழுவதும் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்களோடு சேர்ந்து அழிந்தது. காரையில் நீங்கள் பார்ப்பது அதற்கு மிகவும் முந்தைய, அவை செழித்திருந்த காலத்தை.

எதைப் பார்த்தாலும் எடுக்க வேண்டாம். நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: மண்ணோடு பதிந்து இருந்ததா, தனியாகக் கிடந்ததா? பக்கத்தில் வேறு என்ன இருந்தது? எந்த மட்டத்தில் இருந்தது, மேட்டின் தலையிலா, நடுவிலா, அடியிலா? நிலவியலாளருக்கு ஒரு புதைபடிவத்தின் மதிப்பு பாதிக்கு மேல் இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாத அம்மோனைட் மேசைமேல் வைக்கும் அலங்காரப் பொருள் ஆகிவிடும். அதே அம்மோனைட் அதன் அடுக்கில் இருந்தால், அந்த அடுக்குக்கே அதுதான் வயதுச் சான்று. உலகெங்கும் கிரிட்டேசியஸ் அடுக்குகளை ஒன்றோடொன்று பொருத்துவது பெரும்பாலும் எந்த அம்மோனைட் எந்த மட்டத்தில் வருகிறது என்பதை வைத்துத்தான். நான் இந்த விஷயத்தில் இவ்வளவு அழுத்துவதற்கு அதுதான் காரணம்.

ஆடு மேய்க்கும் பெரியவர்கள் யாராவது இருந்தால் பேச்சுக் கொடுங்கள். “ஐயா, சங்கு மாதிரி, நத்தை மாதிரிக் கல்லு எந்தப் பக்கம் கிடக்கும்?” என்று கேட்டால் போதும். இந்த நிலத்தில் ஒவ்வொரு மழைக்கும் எது வெளியே வந்தது, எது மறைந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மறக்காமல், “எடுத்துட்டுப் போக வரலீங்க, பார்க்கத்தான் வந்தோம்” என்றும் சொல்லிவிடுங்கள். வெளியூர்க்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போவதை அவர்கள் பார்த்திருப்பார்கள். கல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஒருமுறை விலை வந்துவிட்டால் அடுத்த மாதமே மண்வெட்டி இறங்கிவிடும். வழிகாட்டியதற்குக் கூலி கொடுங்கள், ஊர்க்கடையில் டீ குடியுங்கள், சாப்பிடுங்கள். நிலத்தைப் பார்க்க ஆள் வருவதால் ஊருக்கு வருமானம் என்று ஆனால்தான் நிலத்தைக் காக்க ஊருக்கே அக்கறை வரும்.

சாத்தனூர் மரம் 18 மீட்டருக்கும் அதிக நீளம். வேலிக்குள் ஒரே ஓட்டமாகப் படுத்துக் கிடக்கிறது. 1940-இல் இதை முதலில் பதிவு செய்தவர் எம்.எஸ். கிருஷ்ணன்; தஞ்சைப் பகுதியில் பிறந்து, பின்னாளில் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநர் ஆனவர். திருவக்கரை மரங்கள் வெள்ளமணலில் புதைந்தவை. இந்த மரம் கரையிலிருந்து அடித்துப் போகப்பட்டு, கடலில் மூழ்கி, கடற்சேற்றில் புதைந்தது. இது பூக்கும் மரவகையும் கிடையாது, ஊசியிலை மர வகை. அதனால்தான் இரண்டையும் பார்க்கச் சொல்கிறேன். முடிவு ஒன்றாக இருந்தாலும் வந்த வழி வேறு.

அரியலூர் மாவட்டத்தில் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் உள்ளது. பெரும்பாலான வழிகாட்டிகள் அருங்காட்சியகத்தை முதலில் பார்க்கச் சொல்வார்கள். நான் கடைசியில் பாருங்கள் என்பேன். காரையில் குனிந்து தேடிய கண்ணோடு உள்ளே போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதெல்லாம் தெரிந்த முகமாக இருக்கும், கேட்கக் கேள்வியும் இருக்கும்.

“டைனோசர் முட்டை” கிடைத்தால்

2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரியில் மண் எடுத்தபோது பெரிய உருண்டைக் கற்கள் வந்தன. டைனோசர் முட்டை என்று படங்கள் பரவின, கூட்டம் கூடியது. நிலவியலாளர்கள் பார்த்து, அவை அம்மோனைட் போன்ற கடல் உயிர் எச்சங்களைச் சுற்றிக் கனிமங்கள் படிந்து உருண்டையானவை என்று சொன்னார்கள். சேற்றுக்குள் இறந்த உயிரைச் சுற்றிச் சுண்ணாம்பும் இரும்பும் அடுக்கடுக்காகச் சேர்ந்து இப்படி வளர்வது வழக்கம்.

இங்கே டைனோசர் இருந்ததில்லை என்று அர்த்தம் இல்லை. அரியலூர் அருகே கல்லமேட்டில் மிகப் பெரிய எலும்புகள் கிடைத்து, யாதகிரி, அய்யாசாமி என்ற ஆய்வாளர்கள் 1980-களில் அவற்றுக்குப் ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். பெருத்த உடலுடையது என்று பொருள். இன்று அந்த எலும்புகள் இல்லை. காத்து வைப்பதற்குள் சிதைந்து பொடியாகிவிட்டன. படங்களும் வரைபடங்களும் விவரிப்பும்தான் மிச்சம். உலகின் மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கக்கூடிய ஒன்றைப் பற்றி இனி யாரும் நேரில் பார்த்து எதையும் உறுதி செய்ய முடியாது.

எனவே ‘எடுக்காதே’ என்ற விதிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எலும்பு மாதிரியோ, மிகப் பெரிதாகவோ, முழு உருவமாகவோ ஒன்று வெளியே தெரிந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு வந்து சும்மா இருக்கக் கூடாது. தோண்ட வேண்டாம், தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். அளவுகோலோடு கிட்டத்திலிருந்து ஒரு படம், சுற்றுப்புறம் தெரியத் தூரத்திலிருந்து ஒரு படம், இருப்பிடக் குறியீடு. இவற்றோடு அரியலூர் அருங்காட்சியகத்துக்கோ, சென்னையில் உள்ள புவியியல் ஆய்வுத் துறை அலுவலகத்துக்கோ, பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறைக்கோ எழுதுங்கள். அவர்கள் பார்க்கும்வரை இடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். குன்னத்தில் கூடிய கூட்டத்தின் கீழே உண்மையிலேயே முட்டை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பரங்கிமலை: நகரத்துக்குள் ஒரு பாடம்

பரங்கிமலைக்குப் படியேறும்போது எல்லோரும் மேலே தேவாலயத்தையும் அந்தப் பக்கம் விமான நிலையத்தையும் பார்ப்பார்கள். பக்கவாட்டில் வெளியே தெரியும் பாறையைப் பாருங்கள். மேல்தோல் வெயிலிலும் மழையிலும் வெளிறியிருக்கும். உடைந்த முகம் இருந்தால் கருநீலமாக, எண்ணெய் தடவியது போல மினுங்கும். பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் உருவான பாறை இது. அவ்வளவு ஆழத்தில் இருந்தது இன்று நம் காலடியில் என்றால், அதற்கு மேலே இருந்த அத்தனையும் அரித்துப் போயிருக்க வேண்டும்.

கொல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஆங்கிலேயர் ஜாப் சார்னாக்கின், அங்கே இருக்கும் கல்லறைக் கல்லும் இந்தப் பாறைதான். சென்னைப் பக்கமிருந்து போனது. அதை வைத்துத்தான் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893-இல் சார்னோகைட் என்று பெயரிட்டார். நீலகிரியும் சேர்வராயன் மலையும்கூட இதே வகைப் பாறைதான். ஆகவே ஊட்டிக்கோ ஏற்காட்டுக்கோ அடுத்த முறை போகும்போது சாலையோரம் மலையை வெட்டிய இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி ஒரு நிமிடம் பாருங்கள்.

காப்பது யார்

இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்ற அறிவிப்பு ஒரு பெருமைதான். தொல்லியல் சின்னங்களுக்கு இருப்பது போன்ற தனிச் சட்டம் அதற்குப் பின்னால் இல்லாமலேயே அது தொடங்கியது. 2022 டிசம்பரில் ஒன்றிய சுரங்க அமைச்சகம் புவி மரபிடங்களையும் புவி எச்சங்களையும் காப்பதற்கான சட்ட வரைவைக் கருத்துக் கேட்புக்கு வெளியிட்டது. அத்தகைய சட்டம் கட்டாயம் வேண்டும். கூடவே, அந்தந்த மாநிலத்துக்கும் ஊராட்சிக்கும் அதில் இடம் வேண்டும் என்பது என் கருத்து. டெல்லியிலிருந்து காரையின் ஓடையைக் காவல் காக்க முடியாது.

சிமென்ட் சுரங்கங்களைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். அரியலூரின் சுண்ணாம்புக்கல் என்பதே கிரிட்டேசியஸ் கடலில் வாழ்ந்தவற்றின் ஓடு. அதைத்தான் அரைத்து வீடு கட்டுகிறோம். சுரங்கம் அடுக்குகளைத் தின்கிறது, சந்தேகமில்லை. ஆனால் நிலத்துக்குள் மறைந்திருந்த அடுக்குகள் கண்ணுக்குத் தெரிந்ததும், பல புதைபடிவங்கள் கிடைத்ததும் அதே சுரங்கச் சுவர்களில்தான். வேலை முடிந்த குழி ஒவ்வொன்றிலும் ஒரு சுவரையாவது மூடாமல், சரியாமல் விட்டு, வேலி போட்டு, மாணவர்கள் வந்து பார்க்க வழி செய்யலாம். அது பெரிய செலவும் இல்லை. சுரங்க அனுமதிக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும்போது அந்த ஊர்க்காரர்கள் இதைக் கேட்கலாம், கேட்க வேண்டும். சுரங்கத்துக்குள் நீங்களாக நுழையாதீர்கள். வெடி வைக்கும் இடம், சுவர் சரியும் இடம்.

பிள்ளைகளோடு போகிறீர்களா

அப்படியானால் திட்டத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். திருவக்கரையில் “வேர் எங்கே, கண்டுபிடி” என்று விட்டுவிட்டால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. கல் எடுக்காதே என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் முகம் வாடும். பதிலாக வரையச் சொல்லுங்கள், அல்லது களிமண் உருண்டையை மெதுவாக அழுத்திக் கிளிஞ்சலின் அச்சு எடுக்கச் சொல்லிக் கொடுங்கள். அதுவும் தனியாகக் கிடக்கும் சாதாரணக் கடற்கரைக் கிளிஞ்சலில், வீட்டில். நினைவுச்சின்னத்தில் கிடப்பதில் எதையும் அழுத்தவோ ஒட்டவோ வேண்டாம்.

அக்டோபர் 6-ஆம் தேதியை யுனெஸ்கோ உலகப் புவிப் பன்மை நாளாக அறிவித்திருக்கிறது. பள்ளிகளும் கல்லூரிகளும் அந்த வாரத்தில் இந்த இடங்களுக்கு ஒரு பயணம் ஏற்பாடு செய்யலாம். வகுப்புக்கு ஒரு நிலவியல் பட்டதாரியைக் கூப்பிட்டால், பெரும்பாலும் மகிழ்ச்சியோடு வருவார்கள்.

அடுத்து எங்கே என்று கேட்பவர்களுக்கு: திருப்பதி போகும்போது திருமலை மலைப்பாதையில் ஒரு நிலவியல் நினைவுச்சின்னம் இருக்கிறது. கீழே பழைய கெட்டிப் பாறை, அதன்மேல் நேராக உட்கார்ந்திருக்கும் படிவுப் பாறை, இரண்டுக்கும் நடுவே சுமார் 80 கோடி ஆண்டு காலம் காணாமல் போன ஒரு கோடு. வளைவுகளில் வண்டியை நிறுத்த முடியாது என்பதால், மலை ஏறும்போது பலகை எங்கே வருகிறது என்று ஓட்டுநரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.